ஒரு கையகலத் துரு

அரைகுறை வேலை என்றால் எனக்கு ஆகாது. பதுளையில் என் கராஜுக்கு வருகிறவர்கள் இந்தக் குணத்துக்காகத்தான் வருகிறார்கள். இதற்காகவே திட்டிக்கொண்டும் போகிறார்கள்.

எனக்கு அக்கா முறையான நஸ்மியா ராத்தாவின் கணவர் இத்ரூஸ், தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் அது. அவர் மவுத்தாகி அடக்கமான பிறகு பதினெட்டு வருடம் கொட்டகையில் கிடந்தது. ஒரு தடவையாவது அதில் அப்புத்தளைக்குப் போய்வர வேண்டும் என்று ராத்தாவுக்கு ஆசை. அதற்கு முதலில் பரிசோதகர் வந்து, சேசிஸ் என்ற அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் நம்பரைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ராத்தா வண்டியை என்னிடம் ஒப்படைத்த பிறகு ஏழு மாதம் உழைத்தோம். கதவு இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர மூன்று தடவை தகட்டை வெட்டி ஒட்டினேன்.

பன்னிரண்டு வருடமாக என்னோடு வேலை செய்யும், என்னை 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் ரமேஸ், கோயில் திருவிழாவுக்குத் தெமோதரைக்குப் போயிருந்தான். முன்பக்கச் சட்டத்தில் கையகலத் துருவை அப்படியே விட்டு, மேலே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தான். எங்கள் கராஜில் மஞ்சள் டேப் என்றால் வேலை மிச்சம் என்று அர்த்தம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேப்பைக் கிழித்துவிட்டு, பளபளவென்று ஆகும்வரை கிரைண்டரால் தேய்த்தேன்.

திங்கட்கிழமை ரமேஸ் வந்து பார்த்தான்.

"நானா, இங்க ஒட்டியிருந்த டேப் எங்க?"

"கிழிச்சிட்டு நானே தேச்சேன். வேலைய மிச்சம் வச்சிட்டா போவாங்க?"

"நம்பரு அதுலதான் இருந்துச்சு நானா. கை படக் கூடாதுன்னுதான் ஒட்டிட்டுப் போனேன்."

தேய்த்த இடத்தைக் குனிந்து பார்த்தேன்; ஓர் எழுத்தின் கீறல்கூட மிச்சமில்லை. ஜப்பான் வண்டிகளில் நம்பர் எங்கே இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. இந்தக் காரில் எங்கே என்று தேடிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இரும்பில் எழுத்து அடிக்கும் பஞ்ச் பெட்டியை ரமேஸ் திறந்தான். "புத்தகத்துல நம்பர் இருக்கு. அடிச்சிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

முதல் எழுத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் பொய் நம்பர் பிடிபட்டால் போலீசுக்கு அலையப்போவது ராத்தா. பெட்டியை மூடிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

ராத்தா வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அப்ப ரோட்டுல எடுக்க ஏலாதா?"

"ஏலாது ராத்தா. நம்பர் இல்லாட்டி களவு வண்டிண்டுதான் சொல்லுவாங்க."

நான் தேய்த்த இடத்தை அவர் விரலால் தடவினார். ஏசினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"துருப்பிடிச்சே கிடந்திருக்கலாம் ஜௌபர்," என்றார். "அப்ப இது அவர்ட காரா இருந்திச்சி."