ஒத்த ஊடு

அப்பாவைக் குளிப்பாட்டி வேட்டி கட்டியாயிற்று. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது விக்டோரியாவுக்குத் தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"அக்கா, குழி ரெடி. நைனாவ எப்ப எடுத்துக்கினு வர்றீங்க?"

"எங்கடா குழி?"

"இன்னாக்கா கேக்கற? நம்ம ஊர்லதான். அம்மா பக்கத்துல."

தப்பு அவளுடையதுதான். விடிகாலையில் அப்பா ஆசீர்வாதத்தின் மூச்சு நின்றதும், அழுகைக்கு நடுவே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அடித்துவிட்டாள்: 'அடக்கம் மாலை, சொந்த ஊரில்.' அவள் சொன்னது இந்த ஊரை. மணவாள நகரில் இருக்கும் தம்பி எட்வர்டு புரிந்துகொண்டது ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஊரை. நேராக அங்கே வண்டியை விட்டு, ஆள் பிடித்து, வெட்டியும் முடித்துவிட்டான்.

இதை ஊர் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால், ஆசீர்வாதம் வந்தபோது வேலிக்காத்தானும் பாம்பும்தான் குடியிருந்தன. இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. தாயில்லாப் பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடிசை போட்டார். பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு 'ஒத்த ஊடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது தெருத்தெருவாக மாடி வீடுகள், நுழைவில் கட்டிய பெரிய வளைவில் வேறு ஏதோ நகர் என்று பெயர். ஷேர் ஆட்டோக்காரன் மட்டும் இன்னும் ஒத்த ஊடு, ஒத்த ஊடு என்றுதான் கத்துகிறான்.

இரண்டாவதாக வந்தவர் தணிகாசலம். "உன் ஊட்டாண்ட நானும் ஒண்ணு போட்டுக்கட்டா?" என்று கேட்டு, கூச்சத்தோடு எட்டப்போய் அடையாளத்துக்கு ஒரு செங்கல்லை வைத்தாராம். "இன்னாத்துக்குய்யா அவ்ளோ தள்ளி? கிட்ட வா" என்று ஆசீர்வாதம் அந்தக் கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். தணிகாசலம் இதைச் சொல்லாத நாளில்லை. இப்போது அவர் பிணத்தின் தலைமாட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நைனா இங்கதாண்டா" என்றாள் விக்டோரியா. "ஏரிக்கரைல பஞ்சாயத்து எடம் உட்டிருக்கு இல்ல, அங்க."

"அங்க ஒரு பொணம் போயிருக்குதாக்கா? ஒவ்வொருத்தனும் செத்தா சொந்த ஊருக்குத்தான எடுத்துக்கினு போறான்? அம்மா இங்க தனியா கெடக்குது. கொஞ்சம் நெனச்சுப் பாரு."

நினைக்காமலா இருப்பாள்? அம்மா செத்தபோது எட்வர்டுக்குப் பால்குடிகூட மறந்திருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷம் அப்பாவும் அவளும் அவனிடம் அதைப் பேசியதில்லை.

"உனுக்குத் தெரியாதுடா. அம்மாவத் தெருவழியா எடுத்துக்கினு போவக்கூடாதுன்னு மறிச்சுட்டானுங்க. நல்ல மழ. வரப்பு மேலதான் தூக்கினு போனாங்க. நைனா வழுக்கி உழுந்தாரு. அம்மாவும் சேத்துல உழுந்துச்சு. நான் பாத்துக்கினே நின்னேன். அந்த மாசமே நம்மள இட்டுனு இங்க வந்துட்டாரு."

எட்வர்டு குரலை இறக்கிக்கொண்டு, "இப்பல்லாம் அப்டி இல்லக்கா. சிமெண்ட் ரோடு போட்டாச்சு. தெருவழியாதான் விடறாங்க" என்றான்.

"விடறாங்க" என்றாள் விக்டோரியா. "பாத்தியா, உன் வாயிலயே வருது. இங்க யாருடா நம்மள விடறதுக்கு?"



"வெட்டுன குழிய இன்னாக்கா பண்றது?"

"மூடிட்டு வா. வரும்போது அம்மாவாண்டருந்து ஒரு பை மண்ணு எடுத்துக்கினு வா."

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஏரிக்கரையில் இடம் வெறிச்சென்று கிடந்தது. அந்தப் பக்கம் கம்பெனிப் புகை, இந்தப் பக்கம் நாலு எருமைகள். பாஸ்டர் மோசஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே, "ஒத்தையா கெடப்பாரேம்மா" என்றார்.

"அவருக்குப் பழக்கம்தான் பாஸ்டர்."

எட்வர்டு முழங்கால் வரை வயல் சேறோடு வந்து சேர்ந்தான். தெருவில் சிமெண்ட் ரோடு இருக்கும்போது ஏன் சேறு என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையில் பழைய அரிசிப் பை. பெட்டி இறங்கியதும் முதல் மண்ணாக அதைக் கவிழ்த்தான். அப்புறம்தான் அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கைத் துடைக்காமல். விக்டோரியா அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். தணிகாசலம் மட்டும் போகவில்லை. புதைத்த மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எங்கிருந்தோ ஒரு உடைந்த செங்கல்லைப் பொறுக்கிவந்து, மேட்டுக்குத் தள்ளி, ஒரு கட்டில் போடுமளவு இடம் விட்டு வைத்தார்.

"எங்க ஜனத்துலயும் பொதைக்கறதுதான், பாப்பா" என்றார். "என் பசங்க எங்க ஊரு திருப்பாச்சூருக்குத் தூக்கினு போலாம்னு சொல்லுவானுங்க. நீ உடாத."

விக்டோரியா குனிந்து அந்தக் கல்லை எடுத்தாள். ஈர மண் மேட்டை ஒட்டினாற்போல் வைத்து, அசையாமல் இருக்க உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டாள்.