பதினோரு மாதத் தரை

புனே ஹடப்சரில் பாலசுப்ரமணியன் பிடித்த வாடகை வீட்டில் குளியலறைத் தரையைத் தவிர எல்லாம் நன்றாகவே இருந்தது. சிமெண்டுத் தரை. எந்தக் காலத்திலோ அதில் பச்சைச் சாயம் கலந்திருக்கிறார்கள். பிற்பாடு குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு கறையைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் அளவு மீறிச் சாப்பிட்டவன் அங்கே வந்து மனம் மாறியதுபோல் இருக்கும். வீடு காட்டிய தரகர் அந்தக் கதவை மட்டும் விளக்கைப் போடாமல் திறந்து மூடினார்.

ஆறு மாதம் அவன் மனைவி விசாலம் பொறுத்துக்கொண்டாள். 2006 ஜூலையில் அவளுக்கு மூன்றாம் மாதம். மசக்கைக்காரிக்குத் தாளிப்பு ஆகாது, காபி வாசம் ஆகாது என்பார்கள். விசாலத்துக்கு இரண்டும் ஆயிற்று, தரைதான் ஆகவில்லை. ஒரு தரம் பார்த்தால் ஒரு தரம் வாந்தி. பார்க்க வேண்டாமே என்று கண்ணை மூடிக்கொண்டு குளிக்கப் போனவள் ஒருநாள் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தொங்கி நின்றாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா வழுக்குனா இந்தக் குழாயும் கையோட வந்துரும். எதையாச்சும் போட்டு மூடுங்க" என்றாள்.

போய் இருக்க அவளுக்குத் தாய்வீடு இல்லை; தாயும் இல்லை. பிரசவம் இங்கேதான் என்று முடிவாகியிருந்தது. ஆகவே அவள் விழவும் கூடாது, வீடு கைவிட்டுப் போகவும் கூடாது.

வீடு கைவிட்டுப் போவது மிகச் சுலபம். மாடியில் இருந்த வீட்டுக்காரர் நிம்பால்கருக்கு எழுபது வயது. பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போது வீடு முதல்நாள் இருந்தபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த பதினோரு மாதம். முன்பு குடியிருந்தவர் காலண்டருக்கு ஒரே ஒரு ஆணி அடித்தார். போகும்போது ஓட்டையை அடைத்துச் சுண்ணாம்பும் பூசினார். நிம்பால்கர் கண்ணை மூடிக்கொண்டு சுவரை உள்ளங்கையால் தடவி அந்த இடத்தில் வந்து நின்றாராம். டைல்ஸ் போடலாமா என்று பாலசுப்ரமணியன் கேட்டதற்கு, அது தன் அப்பா தன் கையால் பூசிய தரை, அதில் சுத்தியல் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலில் தேங்காய்நார்ப் பாய் போட்டான். புனே மழையில் பன்னிரண்டாம் நாள் அதில் காளான் முளைத்தது. இரண்டு பேருக்குக் குழம்பு வைக்கும் அளவு வந்த பிறகுதான் எடுத்துப் போட்டார்கள். அடுத்து, போசரி தொழிற்பேட்டையில் பெட்டிப் பலகைகள் வாங்கிவந்து பரப்பினான். அவை தண்ணீர் குடித்து ஊதி, அவன் உள்ளே இருக்கும்போதே கதவை இறுக்கிக்கொண்டன. அன்று அரைநாள் விடுப்புக் கடிதத்தில் காரணம் 'பலகை' என்று எழுதினான். மேலாளரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவதாகப் பிளாஸ்டிக் புல்தரை. அதில் வழுக்கவில்லை. ஆனால் நடுமைதானத்தில் குளிப்பதுபோல் இருக்கிறது என்று விசாலம் சேலையோடு குளித்தாள்.

கடைசியில் முகமது ரஃபீக்கிடம் போனான். வாணியம்பாடிக்காரர், பக்கத்துத் தெருவில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை. வீணான பிளக்ஸ் ஒன்று வேண்டும், அதில் யார் முகமும் இருக்கக் கூடாது என்று பாலசுப்ரமணியன் கேட்டான்.

"மூஞ்சி இல்லாத பிளக்ஸுக்கு பூனாவுல நான் எங்க போறது சார்? அடிக்கிறதே பொறந்தநாள் வாழ்த்துதான். ஒரு போர்டுக்கு நாப்பது மூஞ்சி."

பழைய செய்தித்தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவன் பாலசுப்ரமணியன். ஒரு மனிதரின் முகத்தில் ஏறி நின்று சோப்புப் போடுவதை நினைத்தாலே அவனுக்குக் கால் கூசியது. பிறகு ஒரு வழி சொன்னான்.

"யாருன்னு தெரிஞ்சாத்தானுங்க பாய், பாவம். மூஞ்சி உள்பக்கமா இருக்கற மாதிரி சுருட்டிக் கட்டிக் குடுங்க. நான் பாக்கவே மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். வாடிக்கையாளர் யாரோ வேண்டாம் என்று திருப்பிய பிளக்ஸை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கவிழ்த்து விரித்தான். தண்ணீர் போகும் ஓட்டையைக் கையால் தடவிப் பார்த்து அந்த இடத்தில் வட்டமாக வெட்டினான். தரை வெள்ளை வெளேரென்று ஆயிற்று. காலுக்குப் பிடிப்பாகவும் இருந்தது. அன்றோடு விசாலத்தின் வாந்தி நின்றது.

நாலு மாதம் நிம்மதி. டிசம்பரில் ஒப்பந்தம் முடிய வேண்டிய வாரம், ஞாயிறு பத்து மணிக்கு வீடு பார்க்க வருவதாக நிம்பால்கர் சொல்லி அனுப்பினார். எட்டு மணிக்கு பாலசுப்ரமணியன் பிளக்ஸைச் சுருட்டினான். சுருட்டும்போது பார்த்தால் பிளக்ஸ் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. நாலு மாத வெந்நீரிலும் சீயக்காயிலும் அச்சு முழுவதும் அதை விட்டு இறங்கிவிட்டது. இறங்கி எங்கே போயிற்று என்று பார்க்கக் கீழே குனிந்தான்.

தரை முழுக்க ஒரு முகம். சுவருக்குச் சுவர் காது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் போகும் ஓட்டை.

விசாலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம வீட்டுக்காரருங்களா?"

அவரேதான். எழுபதாம் பிறந்தநாளுக்கு மருமகன்கள் அடிக்கக் கொடுத்த போர்டு. பாலசுப்ரமணியன் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தான், ஆசிட் ஊற்றினான், செங்கல்லால் உரசினான். உரச உரச நிம்பால்கர் இன்னும் தெளிவாக வந்தார். எட்டாம் மாதத்தில் இவளைக் கூட்டிக்கொண்டு எந்தத் தரகர் பின்னால் அலைவது என்று அவன் யோசிக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

நிம்பால்கர் டார்ச்சோடு வந்தார். கூடம், சமையலறை, எல்லாச் சுவரையும் தடவித் திருப்தியானார். பிறகு குளியலறை. டார்ச் வெளிச்சம் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மெதுவாக நடந்து போயிற்று.

"யே தோ மை ஹூம்" என்றார். இது நான்தானே என்று அர்த்தம்.

பாலசுப்ரமணியன் ஆமாம் என்றான். தனக்குத் தெரிந்த இந்தியில் காளான் முதல் ரஃபீக் வரை ஒன்று விடாமல் சொல்லி, முகத்தைத் தான் ஒருநாளும் பார்க்கவில்லை என்பதை மூன்று தரம் சொன்னான். நிம்பால்கர் காதில் ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து தரையில் இருந்த மீசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். மீசை வெளுத்துப் போயிருக்கிறது என்றுதான் அந்தப் போர்டை அவர் திருப்பியிருந்தார். ஈரச் சிமெண்டில் அது முப்பது வயதுக் கறுப்பாக ஊறியிருந்தது. மாடியைப் பார்த்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

சாவித்ரிபாய் இறங்கி வந்தாள். தரையைப் பார்த்தாள். விசாலத்தின் வயிற்றைப் பார்த்தாள். எங்கே குளிக்கிறாய் என்று கேட்டாள். இங்கேதான் என்றாள் விசாலம். அதற்குப் பிறகு சாவித்ரிபாய் மராத்தியில் பேசியதில் விசாலத்துக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கிழவா, ஊரான் வீட்டு மருமகள் குளிக்கும்போது கீழே படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாயே, நாளைக்கே டைல்ஸ் வர வேண்டும்.

நிம்பால்கர் டார்ச்சை அணைத்தார். அப்பாவின் தரை என்ற பேச்சையே எடுக்கவில்லை. சுத்தியல் படாமல் அதன்மேலேயே போடட்டும் என்று மட்டும் சொன்னார். பதினோரு மாதக் கையெழுத்தைக் கூடத்து ஸ்டூலில் வைத்தே போட்டுக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மாடி ஏறினார்.

மறுநாள் வந்த கொத்தனார் முதலில் கண்கள் இரண்டிலும் சிமெண்டை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார். தரை ஒரு அங்குலம் உயர்ந்து கதவு திறக்காமல் போனது. தச்சர் வந்து அடியில் இழைத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் விசாலம் குளிக்கப் போனாள். பாலசுப்ரமணியன் வெளியே காதைக் கொடுத்து நின்றான். சொம்பு முங்கும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம். வேறொன்றும் இல்லை.

"எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"எங்கீங்க தெரியுது, வயிறு மறைக்குது. காலுக்குச் சொரசொரன்னு நல்லாத்தான் இருக்குது. அங்க நிக்காம போயிக் காபி போடுங்க."

அவன் போய்ப் பாலை அடுப்பில் வைத்தான்.