வீட்டுக்காரர் பேர்

அகிலாண்டேஸ்வரி என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "இங்கன பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள். மாமனார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே அவள் தங்கை முத்துவடிவு உள்ளே பார்த்துக் கத்துவாள்: "யக்கா, மந்திரமூர்த்தி பி.ஏ. வந்தாச்சு!" அகிலா ஓடிவந்து அவள் வாயைப் பொத்துவாள்.

அறுபத்தெட்டு சித்திரையில், மூன்றாவது பிரசவத்தில், அகிலா இறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. ஆண் பிள்ளை. இரண்டாவது பெண் பிறந்தபோதே டாக்டரம்மா இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு பையன் என்றார் மாமா. அகிலாவும் அதையே சொன்னாள்.

ஆனியில் சாரல் விழுந்தது. மாமா ஆவுடைநாயகம் வடகரையிலிருந்து வந்து குற்றாலத்தில் வீடு பிடித்தார். ஆலங்குளத்திலிருந்து என்னையும் பிள்ளைகளையும் வரச் சொன்னார். அருவியில் குளித்துத் திரும்பும்போது பேச்சை எடுத்தார்.

"மாப்ள, பிள்ளைகளுக்குத் தாய் வேணும். ஆவணியில முத்துவடிவக் கெட்டிக்கிடுங்க. ஒரு பேரனப் பாத்துட்டாப் போதும் எனக்கு."

வழியில் ஒரு சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். பக்கத்தில் இரண்டு குழந்தைகள். மாமா சிரித்தார்.

"சர்க்காரு சொல்லுதாம்னு எல்லாவனும் ரெண்டோட நிப்பாட்டிட்டா, நாளைக்கு நாத்து நட ஆளுக்கு எங்கன போவ? பள்ளிக்கூடத்துல நீங்க பெஞ்சுக்கா பாடம் நடத்துவீங்க?"

என் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துவடிவு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் ஈரத்துணியைக் கொடியில் போட வந்தவள் என் பக்கத்தில் நின்றாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லுதேன். வையக்கூடாது."

"சொல்லு."

"நீங்க அந்த ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. கழுத்த நீட்டுதேன்."

 அவளுக்குப் பத்தொன்பது வயது.

"அக்கா காலப் பிடிச்சிக்கிட்டு நாந்தான நின்னேன். நீங்க வெளிய நின்னீங்க. எனக்குப் பயமா இருக்கு அத்தான். அப்பா வேற எவனுக்காவது கொடுத்தா அவன்கிட்ட இதக் கேக்க முடியுமா?"

"உனக்குன்னு ஒரு பிள்ள?"

"அதான் ரெண்டு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினாள்.

தென்காசியில் முகாம் போட்டிருந்தார்கள். மறுநாள் போய் வரிசையில் நின்றேன்.

"பிள்ள எத்தன?" என்றார் கம்பவுண்டர்.

"ரெண்டு."

"பொஞ்சாதி எங்க?"

நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

பின்னால் நின்றவர், "அண்ணாச்சி சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாரு. வீட்ல வெளக்கமாறு காத்துக்கிட்டிருக்கு!" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அவங்க நேர்ல வந்து சம்மதம்னு சொல்லணும்வே. நாளைக்குக் கூட்டிட்டு வாரும். நாளையோட முகாம் முடியுது."

முத்துவடிவிடம் சொன்னேன். "நான் வாரேன்" என்றாள்.

கோயிலுக்கு என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவள் அகிலாவின் சேலையைக் கட்டியிருந்தாள். வெறுங்கழுத்து தெரியாதபடி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். 

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"அகிலாண்டேஸ்வரி."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தன பிள்ள?"

"மூணு பெத்தேன். ரெண்டு இருக்கு."

"ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

"வீட்டுக்காரர் பேரு?"

வாசலில் நின்று என் பெயரைக் கத்துகிறவள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தலையைக் குனிந்து, கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "பேரச் சொல்ல மாட்டியாக்கும்! சரிதான், பொஞ்சாதிதான். நீங்களே சொல்லுங்க சார்."

என் பெயர் எனக்கு வரவில்லை.