வாழைக்குப் போன தண்ணீர்

பாத்திரம் கழுவுகிற மெஷின் மார்த்தாவின் குசினிக்கு வந்தபோது மன்னாரில் அவள் இருந்த ஒழுங்கையே வாயைப் பிளந்தது. நோர்வேயில் இருக்கிற மகன் தோமஸ் வாங்கி அனுப்பியது.

"கையால கழுவினா அம்பது லீற்றர் போகும், அம்மா. இதுக்குப் பத்து லீற்றர் காணும். கிணறு தப்பும்."

கிணறுதான் மார்த்தாவுக்கு உயிர். ஒழுங்கையில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அவள் வளவில் மட்டுமே ஊறியது. பின்வளவு ஆசியா உம்மாவும் அதில்தான் அள்ளினாள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போய் இருபது வருசம் புத்தளத்தில் கிடந்து திரும்பியவளிடம், "உங்கடை வாளி வைச்ச இடத்திலயே கிடக்கு, ஆசியாக்கா" என்று சொன்னவள் மார்த்தா.

மெஷினின் கழிவுக்குழாயை எங்கே விடுவது? இதிலென்ன கேள்வி! சட்டி பானை கழுவின தண்ணீர் வாழைக்குத்தான். வாழை கிணற்றடியில் நின்றது. குழாயும் அங்கே போனது.

தண்ணீர்க் கல் படியாமலிருக்க மெஷினுக்குள் உப்பும் போட வேண்டுமாம். உப்பளத்து உப்பு மூட்டையாய்க் கிடக்க அவளுக்கென்ன பஞ்சம்! கறிக்கு நேரத்துக்கு நேரம் உப்பிட்ட கை சும்மா இருக்குமா? கழுவலுக்கு ஒரு சிரட்டை போட்டது.

வைகாசியில் வாழையிலை ஓரம் கருகியது. ஆனியில் தேத்தண்ணி கரித்தது. முழங்கால் ஏலாமல் ஆசியா உம்மா வாளியை விட்டு மோட்டர் பூட்டியதும் அந்த நாட்களில்தான். மோட்டரால் இறைத்தால் கடல்நீர் கிணற்றுக்குள் வருமென்பது மன்னார்த் தீவில் பால்குடிக்கும் தெரியும். மார்த்தா வேறு சாட்சி தேடவில்லை.

"உங்கடை மோட்டராலதான் கிணறு நாசமாப் போச்சு. இனி இந்தப் படலைக்குள்ள வராதேங்கோ!"

"அல்லாஹ் அறிய, மார்த்தா, அஞ்சு நிமிசம்தான் போடுறனான்."

"ஆருக்குக் காது குத்துறியள்?"

ஆசியா உம்மா மோட்டரைக் கழற்றினாள். வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒழுங்கை முனையில் அந்த முழங்காலோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குக் காத்து நின்றாள். மார்த்தா கண்டும் காணாதவளாய்ப் போனாள். பாவி, ஒரு சொல் கேட்டிருக்கலாம்!

மோட்டர் போய் இரண்டு மாதமாகியும் கிணறு திருந்தவில்லை, இன்னும் கரித்தது. அதற்குள் மெஷினும் நின்றது. திருத்த வந்த எட்வேட் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன அன்ரி, இவ்வளவு உப்பு? மாதத்துக்கு ஒருக்கா எல்லோ போடுறது! இந்தத் தண்ணி எங்க போகுது?"

மார்த்தா யன்னலால் கிணற்றடியைப் பார்த்தாள். வாழை செத்துப்போய் அடிக்கட்டை மட்டும் கிடந்தது. சுற்றிலும் மணல் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

செருப்புப் போடாமல் பின்வளவுக்கு ஓடினாள். ஆசியா உம்மாவின் மருமகள் உம்மு குல்சூம் முற்றத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி எங்க, பிள்ளை?"

"பவுசருக்கு நிக்க ஏலாதெண்டு புத்தளத்துக்கே போயிட்டா. ஒரு கிழமையாச்சு."

"எப்ப வருவா?"

உம்மு குல்சூம் தலையை நிமிர்த்தவில்லை.

"தொண்ணூறில வாளியை உங்கடை கிணத்தடியில விட்டிட்டுப் போனவ. இந்த முறை கையோட கொண்டு போயிட்டா."