பெரின் மர்சோ பிறக்கச் சம்மதித்தது

ஒதில் மர்சோ தன் மகளை ஐம்பது மாதம் வயிற்றில் சுமந்தாள். அதில் ஒன்பது மாதம் இயற்கை போட்ட கணக்கு, மீதி நாற்பத்தொன்று குடியரசுத் தலைவர் போட்டது. எங்கள் மொந்த்ராக்கில் இதை யாரும் மறுப்பதில்லை. ஆண்டுக்கு ஐந்நூறு பிரசவத்துக்குக் குறைவாகப் பார்க்கும் பிரசவ மனைகளையெல்லாம் மூடுவதென்று அவர் பாரிஸில் முடிவெடுத்தார். நாடாளுமன்றத்தில் அது தேறாது என்று தெரிந்ததும், வாக்கெடுப்பே இல்லாமல் சட்டமாக்கும் குறுக்குவழியில் அதை நிறைவேற்றிவிட்டு, அன்று மாலையே தொலைக்காட்சியில் வந்து, இந்த நாட்டில் எந்தத் தாய்க்கும் பிரசவ மனை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்காது என்று வாக்களித்தார். அவர் பொய் சொல்லவில்லை. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தவர்களுக்கு எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகர் முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். காக்கைக்கு அது சரி. மனிதர்கள் போகும் மலைச்சாலை தொண்ணூற்றொரு கிலோமீட்டர், நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அதில் பனி.

மார்ச் முதல் தேதி எங்கள் பிரசவ மனையின் கதவில் காவல்துறை முத்திரை வைத்தது. இருபத்தாறு வருடம் அங்கே மருத்துவச்சியாக இருந்த கிஸ்லேன் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு சாவி இருப்பதை அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மரம் அறுக்கும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆன்-லோருக்கு விடியற்காலையில் வலி கண்டது. மலைச்சாலையின் பதினேழாம் வளைவில், வண்டியின் பின் இருக்கையில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் இருந்தது. அடக்கத்துக்கு ஊரே போனது. பால் பண்ணைகளிலிருந்து பாலாடைக்கட்டி ஆலைக்குப் பால் ஏற்றி வரும் லாரியின் ஓட்டுநர் ஒதிலும், எட்டு மாத வயிற்றோடு, கணவன் திபோவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அந்தச் சின்னப் பெட்டியைக் குழியில் இறக்கியபோது தன் வயிற்றில் இருந்தது ஒருமுறை புரண்டு, பிறகு கெட்டியாக உட்கார்ந்துகொண்டது என்று அவள் பிற்பாடு சொன்னாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி குறித்திருந்தார்கள். ஒன்பது போயிற்று, பத்தொன்பது போயிற்று, மே மாதமும் போயிற்று. திபோ அவளை மாவட்டத் தலைநகருக்கு நான்கு முறை காரில் கூட்டிப்போனான். நான்கு முறையும் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வலி நின்றுவிட்டது, திரும்பி வரும்போது அதே பலகையில் தொடங்கியது, முத்திரை வைத்த கதவுக்கு முன்னால் மீண்டும் அடங்கியது. ஐந்தாவது முறை அங்கேயே தங்கவைத்து, வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுவதென்று மருத்துவர்கள் தயாரானார்கள். கத்தி தோலில் பட்டதும் வெண்ணெயில் செய்த கத்திபோல மடங்கியது. மூன்று கத்தி மடங்கியது. தலைமை மருத்துவர், கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்கேன் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். திரையில் குழந்தை ஆரோக்கியமாக, சம்மணமிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அவர் ஒதிலை வீட்டுக்கு அனுப்பும்போது தன் மேலங்கியைத் தானே அவள் தோளில் போர்த்திவிட்டார்.

ஒதில் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். அவருக்கு எழுதும் கடிதத்துக்கு எங்கள் நாட்டில் தபால்தலை வேண்டாம். எழுதுவது இலவசம், படிப்பதும் படிக்காததும் அவர் விருப்பம். திங்கட்கிழமைதோறும் ஒரு கடிதம். லாரி ஓட்டிக்கொண்டே அதை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள், வசவு வார்த்தைகளை மலைச்சாலையிலேயே கொட்டிவிட்டு, மிச்சத்தைத் தபாலில் போடுவாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கெட்டியான தாளில் பதில் வரும்: தங்கள் கடிதம் மிகுந்த கவனத்துடன் வாசிக்கப்பட்டது, தங்கள் உணர்வுகளைத் தலைவர் புரிந்துகொள்கிறார். எல்லாப் பதிலிலும் அதே இரண்டு வரி, அதே இடத்தில் ஒரு எழுத்துப்பிழை. நூறாவது கடிதத்தில் அவள் கேள்வி எதுவும் எழுதவில்லை, அன்று காய்ச்சிய சூப்பின் செய்முறையை மட்டும் எழுதினாள். அதற்கும் தலைவர் அவள் உணர்வுகளைப் புரிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மையில் அன்றைக்குத்தான். கதவை மூடினவரைக்கூட ஒருவிதத்தில் பொறுத்துக்கொள்ளலாம், கதவைத் தட்டுவதே காதில் விழாதவரை என்ன செய்வது?

இரண்டாம் வருடம் குழந்தையின் இதயத்துடிப்பு வெளியே கேட்கத் தொடங்கியது. முதலில் அவள் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும், பிறகு ரொட்டிக் கடை வரிசையில் நின்ற எல்லோருக்கும். அந்த இலையுதிர் காலத்துக்குள், ஒதில் வீட்டில் இருந்தால் சதுக்கம் முழுக்கக் கேட்டது, நிதானமான, ஆழமான துடிப்பு. நாங்கள் எங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினோம். அவள் லாரி கடந்து போகும்போது மேயும் பசுக்கள் தலை தூக்கி நிற்கும், வயலில் இருக்கும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். மதுக்கடையில் நாள் முழுக்கச் சீட்டாடும் கிழவர்களுக்குள் இருபது வருடப் பகை ஒன்று இருந்தது, அது அந்தச் சத்தத்தில் எப்படியோ கரைந்துபோயிற்று. கடவுளைப் பற்றி எனக்குத் தீர்மானமாக எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் துடிப்பைக் கேட்டபடி ரொட்டி வாங்கிய காலைகளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

அதற்கடுத்த வசந்தத்தில்தான் குடியரசுத் தலைவர் எங்கள் ஊருக்கு வந்தார், பாலாடைக்கட்டி ஆலையின் புதிய கூடத்தைத் திறந்துவைக்க. அவர் போகும் ஊரிலெல்லாம் மக்கள் எதிர்ப்பைக் காட்டப் பாத்திரத்தைத் தட்டி வரவேற்ற காலம் அது. அதனால் முதல் நாளே மாவட்ட ஆட்சியர் ஓர் ஆணை போட்டார்: கையில் எடுத்துச் செல்லக்கூடிய, ஒலி எழுப்பும் பொருள் எதுவும் சதுக்கத்தில் கூடாது. காவலர்கள் கைப்பைகளைத் துழாவி நாற்பது வாணலிகளைப் பறிமுதல் செய்தார்கள், தற்செயலாகக் காய்கறி வாங்க வந்த பாதிரியாரின் கைமணியையும். ஆகவே ஊரே வாய்மூடி நின்றது. தலைவர் பேசத் தொடங்கினார். அந்த மௌனத்தில் துடிப்பு இன்னும் துல்லியமாகக் கேட்டது, ஒலிபெருக்கி அதையும் வாங்கிப் பெரிதாக்கியது. முன்னேற்றம் என்று அவர் சொன்னார், டும் என்றது. தியாகம் என்றார், டும் என்றது. நான்காம் வாக்கியத்தில் அவர் நிறுத்திவிட்டு, என்ன சத்தம் அது என்று ஆட்சியரைக் கேட்டார். கையில் எடுத்துச் செல்லும் பொருள் அல்ல, எனவே ஆணையில் அடங்காது என்று ஆட்சியர் கையைப் பிசைந்தார். கூட்டம் விலகி வழிவிட, தலைவரே இறங்கி ஒதில் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை மாசம், மதாம்?"

"முப்பத்தி மூணு."

"தலைநகருக்குப் போயிருக்கலாமே. அங்க எல்லா வசதியும் இருக்கு."

"போனேன், அஞ்சு தடவை. நான்தான் போனேன், இது வரல."

"ஒவ்வொருத்தர் விருப்பத்துக்கும் ஒரு நாட்டை நடத்த முடியாது, மதாம்."

"புதுசா ஒண்ணும் கேக்கல, சார். இருந்ததைத்தான் கேக்குறோம். பதினேழாம் வளைவுல ஒரு தடவை கார்ல போய்ப் பாருங்க, அப்புறம் பேசுவோம்."

அவர் புன்னகைத்தார், அந்தப் புன்னகை அவருக்குப் பழக்கமானது. பிறகு ஹெலிகாப்டரில் ஏறிப்போனார். வரைபடத்தில் இருந்த அதே முப்பத்தெட்டு கிலோமீட்டர் வழியில்தான். மறுவாரம் மேயர், நகராட்சிக் கூடத்தில் மாட்டியிருந்த தலைவரின் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். ஆட்சியர் அதற்கு விளக்கம் கேட்டு எழுதினார், மேயர் தங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறேன் என்று பதில் எழுதினார்.

இதற்குள் அரசாங்கம் இன்னொரு வேலையும் செய்திருந்தது, அதுவும் அதற்கே தெரியாமல். குடும்ப நல அலுவலகத்தின் கணினி, குறித்த தேதி கடந்தும் பிறப்புச் செய்தி வராத கோப்பை ஏற்றுக்கொள்ளத் தெரியாமல், குழந்தை ஏப்ரல் ஒன்பதில் பிறந்துவிட்டதாகத் தானே பதிந்துகொண்டது. எங்கள் நாட்டில் மூன்று வயதானால் பள்ளிக்கூடம் கட்டாயம். ஆகவே நான்காம் வருடக் கோடையில் ஒதிலுக்கு ஒரு கடிதம் வந்தது: தங்கள் பிள்ளை செப்டம்பரில் பள்ளிக்கு வர வேண்டும், வராவிட்டால் பெற்றோர்மேல் நடவடிக்கை. திபோ அதை நெருப்பில் போடப் பார்த்தான்.

"போட்டா என்ன ஆகப்போகுது? இவங்களுக்கு மூளை இருக்கா?" என்றான்.

ஒதில் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும். மூணு வருஷமா எழுதுறேன், இவங்களா எழுதினது இது ஒண்ணுதான்," என்றாள்.

பள்ளி திறந்த நாளன்று அவள் மற்றத் தாய்மார்களோடு வரிசையில் நின்றாள். மற்றவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போக, இவள் பிள்ளையோடு உள்ளே போய், முழங்கால் உயர நாற்காலியில் இருவராக உட்கார்ந்தாள். ஆசிரியை சபின் பதினைந்து வருட அனுபவம் உள்ளவள், முதல் நாளில் எதற்கும் ஆச்சரியப்படாதவள். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பிள்ளையும் இருக்கேன் என்றது, ஒன்று மட்டும் அழுதது. கணினி அனுப்பிய பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'பெயர் இல்லை' என்று அச்சாகியிருந்தது. சபின் உள்ளது உள்ளபடி வாசித்தாள். "மர்சோ, பெயர் இல்லை. வந்திருக்கீங்களா?"

சதுக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த துடிப்பு நின்றது. ரொட்டிக் கடையில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். வகுப்பில் ஒதிலின் மேல்சட்டைக்கு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், தெளிவாக, "இருக்கேன்," என்றது. சபின் அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். மூன்றரை வருடத்தில் அந்தப் பிள்ளையிடம் அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் உத்தரவாக இல்லாமல் கேள்வியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசிப் பெயரைக் கூப்பிடுவதற்குள் ஒதிலுக்குப் பனிக்குடம் உடைந்தது.

பள்ளியிலிருந்து பிரசவ மனைக்கு முந்நூறு மீட்டர்தான், நடந்தே போனார்கள். துடிப்பு மறுபடி தொடங்கி, அவள் அடியெடுத்து வைக்கும் வேகத்துக்கு ஒத்து அடித்தது. ஊர் முழுக்கப் பின்னால் போனது. வாசலில் முத்திரைக்குக் காவல் இருந்த காவலர் தொப்பியைக் கழற்றினார், பிறகு எதையோ தேடுவதுபோல் தெருவின் மறுமுனைக்கு நடந்துபோனார். கிஸ்லேன் கழுத்துச் சங்கிலியிலிருந்த சாவியை எடுத்தாள். இருபது நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் உயரம், பதினாலு கிலோ எடை, இடுப்பு வரை முடி, வாய் நிறையப் பல். ஒதிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது எப்படி என்று கிஸ்லேனிடம் இன்றுவரை கேட்கிறார்கள், அவளுக்கும் தெரியாது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கைகளைக் கூப்பினாள். பிள்ளை கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வணக்கம், மதாம்," என்று கிஸ்லேனுக்கும், "வணக்கம், சார்," என்று அழுதுகொண்டிருந்த தன் அப்பாவுக்கும் சொன்னது. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, மூன்றரை வருடப் பழக்கம், கழுத்தைக் கட்டிக்கொண்டது. பெரின் என்று பெயர் வைத்தார்கள்.

மேயர் பிறப்பைப் பதிந்து அனுப்பினார். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் திருப்பி அனுப்பியது: குறிப்பிட்ட பிரசவ மனை சட்டப்படி மூடப்பட்டிருப்பதால் அங்கே பிறப்பு நிகழ வாய்ப்பில்லை. மூன்று முறை அனுப்பினார், மூன்று முறையும் அதே பதில். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஒதில் பால் லாரியிலேயே மகளை ஏற்றிக்கொண்டு தொண்ணூற்றொரு கிலோமீட்டர் போனாள். பெரின் ஆட்சியர் அலுவலகச் சன்னலுக்குப் போய் எக்கி நின்று வணக்கம் சொன்னாள், அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் வணக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கோபெல் என்ற அந்த மனிதர் கெட்டவர் இல்லை.

"பாருங்க மதாம், பொறந்த இடம் தலைநகர்னு மாத்திட்டா அஞ்சு நிமிஷத்துல சான்றிதழ் கையில கொடுத்துடுவேன். ஒரு வார்த்தைதான். யாருக்கும் தெரியப்போறதில்ல."

ஒதில் களைத்திருந்தாள். அந்த ஒரு கணம் தான் சரி என்று சொல்லிவிடுவோமோ என்று தனக்கே பயமாக இருந்ததாகப் பின்னால் எங்களிடம் சொன்னாள். மகளைப் பார்த்தாள்.

"நான் இங்க பொறக்கலயே," என்றாள் பெரின்.

"அப்போ பாரிஸ்லேர்ந்து உத்தரவு வரணும்மா. அதுவரைக்கும் காத்திருக்கணும்."

"எவ்வளவு நாள்?"

"சொல்ல முடியாது. மாசக்கணக்கு ஆகலாம்."

"சரி," என்றாள் பெரின். சன்னலுக்கு எதிரே இருந்த நாற்காலியில் ஏறி, சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை. காத்திருப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. சுவர்க் கடிகாரத்தில் அப்போது பதினொன்றே கால். கோபெல் கோப்புகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பதினொன்றே முக்காலுக்கு அவர் சட்டைக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். பன்னிரண்டு அடித்தால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போக வேண்டும், அன்று அவருடைய உணவகத்தில் கன்றிறைச்சிக் குழம்பு, உள்ளே ஒரு குடிமகள் உட்கார்ந்திருக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது. மூடும் ஆணை இன்றும் அமலில் இருக்கிறது, எங்கள் பிரசவ மனையில் போன வாரம்கூட இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கோபெல், பிறந்த இடம் மொந்த்ராக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.