ஆறு கிலோமீட்டர் என்று வந்த விடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எங்கள் பள்ளிக்கூடப் பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் ஒரு மரக் கோணமானியிலிருந்து. கணக்கு டீச்சர் யோகலட்சுமி போன வருஷம் அதை அங்கே தள்ளிவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. நான் அதே பள்ளியில் தமிழ் வாத்தியார். (கதைக்குள் அவரை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்வார்.)

முதல் வரி: ‘எம். புதுப்பட்டிப் பக்கம் வானம் கறுத்து’

வேண்டாம், செய்தித்தாள் வாடை அடிக்கிறது.

2

சண்முகத்தாய் எங்கள் பள்ளிச் சத்துணவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. மேற்கே புகை. அவள் மகள் பாண்டிலட்சுமி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அந்தத் திசையில் மூன்று கிலோமீட்டர். அதைத் தாண்டியும் கம்பெனிகள் உண்டு. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

“டீச்சர், அது எம்புட்டுத் தூரம்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

யோகலட்சுமிக்கு முக்கோணவியல் என்றால் உயிர். பள்ளி மாடிக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கும் முந்நூறு மீட்டர். முந்தின வாரம்தான் பிள்ளைகளை விட்டு டேப் பிடித்து அளந்திருந்தாள். இரண்டு இடத்திலும் நின்று புகைக்குக் கோணம் எடுத்தால் போதும், போகாத இடத்தின் தூரம் தாளில் வந்துவிடும். மரக் கோணமானியை வைத்து மாடியில் ஒன்று எடுத்தாள். இறங்கி விறுவிறுவென்று நடந்து மேட்டில் இன்னொன்று எடுத்தாள்.

“ஆறு கிலோமீட்டர் வருதுக்கா. உங்க மக கம்பெனி இல்ல.”

சொல்லும்போது உள்ளூர ஒரு பெருமை. அதைத்தான் அவளால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

“அப்பச் சரி டீச்சர். பிள்ளைகளுக்குச் சோத்தப் போட்டுட்டே போறேன்.”

[அடிக்குறிப்பு: கூடவே நடந்து கோணங்களைக் குறித்தவன் நான். மேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் புகை காற்றில் தள்ளிப்போயிருந்ததைப் பார்த்தேன். கணக்கு நமக்கெதற்கு என்று வாயைத் திறக்கவில்லை.]

3

கோபுரம் நிற்கும், மரம் நிற்கும். புகை நிற்காது. முதல் கோணம் ஓரிடத்துப் புகைக்கு, இரண்டாவது நகர்ந்துவிட்ட புகைக்கு. மூன்று ஆறானது அப்படித்தான்.

சண்முகத்தாய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சோறு போட்டதில் ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள்: “இப்பத்தான்க்கா உசிரு போச்சு. அதுவரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்துச்சு. எங்கம்மா வந்துருச்சா, வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு.”

(இங்கே சண்முகத்தாய் அழுததைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.)

4

“கதையிலயாவது கணக்கைச் சரியாப் போட்டுருங்க சார்,” என்றார் யோகலட்சுமி.

போட்டுப் பார்த்தேன். விடை மூன்று என்று வருகிறது. சண்முகத்தாய் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். நேரத்துக்குப் போய்விடுகிறாள். பாண்டிலட்சுமி கண்ணைத் திறந்து, “அம்மா,

அதற்குமேல் கை ஓடவில்லை. கேட்க வேண்டியவளே கேட்காத சொல்லை நான் எப்படி எழுத?

சண்முகத்தாய் அக்கா இன்றும் எங்கள் பள்ளியில்தான் சமைக்கிறார். நேற்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் எழுதுறீக?”

“ஒரு கதைக்கா. பாதியில நிக்குது.”

“சோறு ஆறிரும். சாப்பிட்டுட்டு எழுதுங்க.”

‘அம்மா’ என்று நிற்கும் அந்த வரியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடித்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். அக்காவுக்கு வாசிக்கத் தெரியும்.