ரன்வைக்கின் கண் நிறம்

ஹால்வரின் மகள் யோருனுக்கு ஆறு வயது முடிந்த வசந்தத்தில் ஒரு நாள், உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, அம்மா ஏன் காப்பி நிறத்தில் இருக்கிறாள் என்று கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைத்தான் சொன்னாள். தீவு தீவாகப் போகும் ஒரு போட்டோக்காரர் எடுத்த படம் அது. அவன் மனைவி ரன்வைக் காய்ச்சலில் இறந்தபோது பிள்ளைக்கு ஒரு வயது. அந்தப் படத்தைத் தவிர அம்மா என்று அவள் கண்டது வேறொன்றுமில்லை. அம்மாவின் தோலும் முடியும் உடுப்பும் உண்மையிலேயே பழுப்புதான் என்று பிள்ளை இத்தனை நாளும் நம்பியிருக்கிறது. ஹால்வருக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

பெர்கன் பட்டணத்தில் போட்டோவுக்கு வண்ணம் தீட்டித் தருகிறார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். மீன்பிடிப்பு ஓய்ந்த வாரத்தில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, படத்தைக் கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு நீராவிக் கப்பல் ஏறினான்.

துறைமுகத்தைப் பார்த்த மாடியில் தோரா என்ற பெண் அந்த வேலையைச் செய்துவந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம். படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். உடுப்பு கருநீலம், அதன் ஓரத்தில் சிவப்புப் பின்னல் என்றான். முடி, முற்றிய வாற்கோதுமை நிறம். மார்பில் குத்தியிருக்கும் அலங்கார ஊசி வெள்ளி. எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் வந்தது. கடைசியாக, கண் என்ன நிறம் என்றாள்.

ஹால்வர் குனிந்து படத்தைப் பார்த்தான். அதில் கண்ணும் பழுப்புதான்.

எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள். கண்ணை மூடினால் அவள் காலடிச் சத்தம் இன்னும் கேட்கும். வலையின் உப்பில் வெடித்த அவள் உள்ளங்கை அவனுக்குத் தெரியும். ஆனால் தீவுக்காரர்கள் பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, கடலைப் பார்ப்பார்கள். அவனும் அப்படித்தான் பார்த்துக்கொண்டே வாழ்ந்துவிட்டான். அந்தக் கண்கள் சிரித்தது நினைவிருந்தது. நிறம் நினைவில்லை. வெட்கத்தில் அவன் காது மடல் சிவந்தது.

தோரா அதைக் கவனிக்காதவள்போல் தூரிகையைத் துடைத்தாள். "பொதுவா தெரியலேன்னா நீலம் வெச்சிடுவோம். இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணு. நான் என்ன நிறம் வெச்சாலும் உங்க பொண்ணு ஆயுசுக்கும் அதைத்தான் நம்பும். விசாரிச்சிட்டு வாங்க. படம் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

ஹால்வர் தீவுக்குத் திரும்பி விசாரித்தான். கடைக்காரர் நீலம் என்றார். பாதிரியாரின் மனைவி சாம்பல் என்று அடித்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியோ பச்சை, பூனைக்கண் மாதிரி என்றாள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிஞ்சியது. சரியாகச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான், ரன்வைக்கின் அண்ணன் ஐவிந்த். அவனோடு ஹால்வருக்கு ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.

சாகும்போது ரன்வைக், தன்னை அக்கரையில், பிறந்த ஊரில், தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாள். அது நவம்பர் மாதம். ஆறு நாள் விடாமல் புயல் அடித்தது. பெட்டியோடு படகு இறக்க ஒருவரும் துணியவில்லை. ஏழாம் நாள் ஹால்வர் அவளைத் தீவிலேயே புதைத்தான். புயல் ஓய்ந்து வந்த ஐவிந்த், மூடிய குழியைப் பார்த்துவிட்டு வீட்டுப்படி மிதிக்காமல் திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால்வர் அக்கரைக்குத் துடுப்புப் போட்டான். ஐவிந்த் படகுக் கொட்டகை வாசலில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். கரடிபோல ஆள். வந்தவனைப் பார்த்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. வரும் வழியெல்லாம் ஹால்வர் எத்தனையோ பேச்சைக் கோத்துவைத்திருந்தான். அத்தனையும் மறந்துபோயிற்று.

"மச்சான், ரன்வைக்கோட கண்ணு என்ன நிறம்?"

ஐவிந்தின் கை நின்றது. "எட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டு எங்கிட்ட வந்து கேக்குறியா?"

"ஆமா. எனக்குத் தெரியல."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சண்டை வந்திருக்கும். இதைக் கேட்டு ஐவிந்த் வலையைக் கீழே வைத்தான். "அம்மா கண்ணு அவளுக்கு. எனக்கும் அதேதான்" என்றான்.

ஹால்வர் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மச்சான் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். நீலமில்லை. சாம்பலென்றும் சொல்ல முடியவில்லை. பச்சை இருந்தது, நடுவில் பழுப்பாக ஏதோ இருந்தது. "இதுக்கு என்னப்பா பேரு?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன தினம் கண்ணாடியில என் கண்ணையா பாத்துக்கிட்டு இருக்கேன்?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். பிறகு ஹால்வர் கடலைப் பார்க்காமல் சொன்னான்: "அவ கேட்டபடி செய்ய முடியல மச்சான். கடல் விடல."

"தெரியும். அந்த வாரம் என் படகும் ஒடஞ்சுது" என்றான் ஐவிந்த். "தெரிஞ்சும் வராம இருந்துட்டேன். வருஷம் ஆக ஆக வர்றது கஷ்டமாயிடுச்சு." உள்ளே போய்க் காப்பி போட்டு, தட்டை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துவந்து வைத்தான். இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த கப்பலில் இருவரும் பெர்கன் போனார்கள். தோரா ஐவிந்தை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பீங்கான் தட்டில் பச்சையைக் கரைத்தாள், சாம்பல் சேர்த்தாள், போதாதென்று மீண்டும் சேர்த்தாள். கண்மணியைச் சுற்றி மெல்லிசாகத் துருநிற வளையம் ஒன்று ஓடுவதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அசையாமல் உட்கார்ந்து பழகாத மனுஷன் ஐவிந்த். மூக்கைச் சொறியக்கூட அனுமதி இல்லாமல் தவித்தான். ஒரு கட்டத்தில் அவன் கண் நிறைந்து வழிந்தது.

"வெளிச்சம் கூசுது" என்றான்.

"கூசட்டும். மூடாதீங்க" என்றாள் தோரா.

தோராவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் ஹால்வர். கடுகளவுப் புள்ளி இரண்டு. தூரிகை இரண்டாவது புள்ளியிலிருந்து எழுந்ததும் படத்திலிருந்து ரன்வைக் அவனைப் பார்த்தாள். அவன் வெகுநேரம் அந்தப் பார்வையை விட்டு விலகவில்லை.

ஐவிந்தும் கூடவே தீவுக்கு வந்தான். முதலில் இருவருமாகக் கல்லறைக்குப் போய்விட்டு, பிறகு வீட்டுக்கு வந்து படத்தைப் பிரித்தார்கள். யோருன் முட்டி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். வந்திருக்கும் பெரிய ஆள் மாமா என்று அப்பா சொன்னதற்குத் தலையாட்டினாளே தவிர, படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாவுக்குக் கன்னம் இவ்வளவு செவப்பா?" என்று கேட்டாள்.

ஹால்வர் திகைத்தான். தோரா கன்னத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே இளஞ்சிவப்பு தடவியிருந்தாள். ரன்வைக் வெளுத்த முகக்காரி.

ஐவிந்த் செருமிக்கொண்டான். "கோவம் வந்தா இதவிடச் செவக்கும். உங்கப்பன்தான் அடிக்கடி செவக்க வெப்பான்" என்றான்.

அப்படியா என்பதுபோல் யோருன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா எதற்கெல்லாம் கோபப்படுவாள் என்று கேட்டாள். ஹால்வர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினான்.